இன்னொரு ஜாவா இரண்டாவது மொழி ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கல்வி இணைப்பில் அண்மையில் வந்த கட்டுரை ஒன்று, ஜாவா நன்றாகத் தெரிந்தவர் வேறு எந்தக் கணினி மொழியையும் ஒரு வாரத்தில் பிடித்துவிடலாம் என்று சொன்னது. அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் என் முன்னால் வந்து நின்றான். "பாருங்க ஆச்சி, ஒரு வாரம்னு பேப்பர்லயே போட்டிருக்காக. நீங்க புது மொழி பழகத் தீபாவளி தாண்டும்ங்கிறீக." அவனுக்கு வாயால் ஒரு பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் உங்கள் இணைப்பை நம்பிப் படிக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்பதால் உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதத் தோன்றியது.

நான் கோட்டையூர்க்காரி. 2002இல் சென்னையில் ஜாவா வேலைக்குச் சேர்ந்து, கொரோனா சமயத்தில் ஊருக்கு வந்தவள், பிறகு திரும்பவில்லை. வீட்டின் இரண்டாங்கட்டில், இன்டர்நெட் ஒழுங்காகக் கிடைக்கிற ஒரே அறையில் மேசை போட்டு வேலை பார்க்கிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் குழுவுக்கு, செய்திகளை அனுப்பி வாங்கும் சர்வர் ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வந்தது. அது எர்லாங் மொழியில் எழுதப்பட்டது. குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் ஜாவாவிலேயே ஊறியவர்கள். அந்த மாற்றத்தைக் கிட்ட இருந்து பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

கட்டுரை முழுக்கத் தப்பு என்று சொல்லமாட்டேன். ஜாவாவிலிருந்து சி ஷார்ப்புக்குப் போகிறவருக்கு ஒரு வாரம் தாராளம். பைத்தானுக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் அங்கெல்லாம் மாறுவது எழுதும் விதம்தான். யோசிக்கும் விதம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இன்று பொறியியல் கல்லூரியில் பைத்தான், சி, ஜாவா என்று இரண்டாம் வருடத்துக்குள் மூன்று மொழி வந்துவிடுகிறது. மூன்று மொழி தெரியும் என்று பயோடேட்டாவில் போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு வேரியபிளை, அதாவது மதிப்பைப் போட்டுவைக்கும் பெயரிட்ட பெட்டியை, வைத்துக்கொண்டு அதிலுள்ள மதிப்பை மாற்றி மாற்றி எழுதுகிற அதே பழக்கத்தைத்தான் மூன்றிலும் படிக்கிறார்கள். ஜாவாவில் அந்த வேரியபிளை ஒரு கிளாஸுக்குள், அதாவது தரவும் அதன் மேல் செய்யும் வேலைகளும் சேர்ந்த ஓர் அச்சுக்குள் வைத்து, வெளியாள் நேராகத் தொடாமல் பார்த்துக்கொள்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

பரீட்சைக் கேள்விகளைப் பார்த்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. பாலிமார்பிசம் (ஒரே கட்டளைக்கு வகைக்கு வகை வேறு செயல்) வரையறு, உதாரணம் தருக. உடனே விலங்கு என்று ஒரு கிளாஸ், அதிலிருந்து நாய், பூனை. நாய் குரைக்கும், பூனை கத்தும். என் வேலைக் காலம் முழுவதிலும் ஒரு நாயைக் கூட நான் எழுத நேர்ந்ததில்லை. ஆப்ஜெக்ட், அதாவது கிளாஸ் என்ற அச்சில் வார்த்தெடுப்பது, ஏதோ உலகம் தோன்றியபோதே கூடவே வந்தது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது 1960களில் ஓஸ்லோவில் டால், நைகார்ட் என்ற இருவர் சிமுலேஷன் (நிஜ நடப்பைக் கணினியில் நடத்திப் பார்க்கும்) வேலைக்காக உண்டாக்கிய சிமுலா மொழியில் பிறந்தது. சி பிளஸ் பிளஸ் 1985இலும் ஜாவா 1995இலும் வெளிவந்து அதை வீடு வீடாகக் கொண்டுபோயின. ஒரு தேவைக்கு ஏற்பட்ட நல்ல யோசனை அது. வேறு தேவைக்கு வேறு யோசனைகள் ஏற்பட்டன.

எர்லாங் அப்படி ஒன்று. ஸ்வீடனின் எரிக்சன் கம்பெனியில் 1980களின் நடுவில் ஜோ ஆம்ஸ்ட்ராங், ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் மூவரும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காக உருவாக்கியது. ஆயிரக்கணக்கான அழைப்புகள் ஒரே நேரத்தில் நடக்கும். அதில் ஒன்று கெட்டால் மற்றவை அறுந்துவிடக் கூடாது. பழுது பார்ப்பதற்காக எக்ஸ்சேஞ்சை நிறுத்தவும் முடியாது. இதுதான் அவர்கள் முன்னால் இருந்த கணக்கு. 1998இல் எரிக்சன் அதை எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியே விட்டது. வாட்ஸ்அப்பின் சர்வர்கள் இந்த மொழியில்தான் எழுதப்பட்டன. 2012இலேயே ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்குகிறோம் என்று அவர்கள் சொன்னார்கள்.

நான் சொன்ன பையனின் தகப்பனார் ஆத்தங்குடிப் பூக்கல் பட்டறை வைத்திருக்கிறார். கண்ணாடிப் பலகை மேல் கலர் ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு வார்க்கிறார்களே, அந்தக் கல்தான். இருப்புக் கணக்குக்காகப் பையன் ஜாவாவில் ஒரு புரோகிராம் எழுதியிருந்தான். பூக்கல் என்று ஒரு கிளாஸ். அதிலிருந்து நடுக்கல், ஓரக்கல் என்று இரண்டு. உள்ளே இருப்பு என்று ஓர் எண். அதை மாற்ற ஒரு மெத்தட், படிக்க ஒரு மெத்தட். குறை சொல்ல முடியாதபடி நன்றாகவே எழுதியிருந்தான். அதையே எர்லாங்கில் எழுதிப் பார் என்றேன்.

முதல் சண்டை நிறுத்தற்குறியோடு. ஜாவாக்காரர் கை தானாகவே வரிக்கு வரி அரைப்புள்ளி போடும். எர்லாங்கில் ஒரு ஃபங்ஷனுக்குள் (ஒரு வேலையைச் செய்யும் கட்டளைத் தொகுப்புக்குள்) அடுத்தடுத்த வேலைகளுக்கு நடுவே கமா. ஒரே ஃபங்ஷனின் வெவ்வேறு கிளைகளுக்கு நடுவே அரைப்புள்ளி. எல்லாம் முடிந்ததும் முற்றுப்புள்ளி. சரம் (ஸ்ட்ரிங், எழுத்துகளின் கோவை) என்று தனியாக ஒன்று அதற்குக் கிடையாது, எண்களின் பட்டியல்தான். 'ஆத்தங்குடி'யின் முதல் எழுத்து அதற்கு 2950. இதெல்லாம் பழகிவிடும். கட்டுரையாளர் சொல்கிற ஒரு வாரம் இதற்குச் சரி.

அடுத்து வந்ததுதான் விஷயம். இருப்பு = 500 என்று கொடுத்தான்; ஏற்றுக்கொண்டது. சரக்கு 200 போனது, எனவே இருப்பு = இருப்பு - 200 என்றான். வலப்பக்கத்து மதிப்பு 300 பொருந்தவில்லை என்று எரர் காட்டிவிட்டது. இருப்பு 500 என்று ஒருமுறை சொன்னால் சொன்னதுதான். அந்த ஃபங்ஷன் முடியும்வரை அது 500தான். "என்ன ஆச்சி, இப்புடி மல்லுக்கட்டுது? வேரியபிள்னு பேரை வச்சுக்கிட்டு மாத்த முடியலைன்னா எப்புடி?" என்றான். நியாயமான கேள்வி. இங்கேதான் ஜாவாவிலிருந்து வருகிறவர்கள் பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள், அல்லது எப்படியாவது மாற்றியே தீருவது என்று குறுக்கு வழி தேடுகிறார்கள். குறுக்கு வழி இருக்கவும் செய்கிறது. அதில் போனால் எர்லாங் எழுத்தில் ஜாவா எழுதிக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு இந்த இடம் சுலபமாகப் பிடிபட்டதற்குக் காரணம் வீட்டில் இருந்தது. எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியை (அப்பாவை) பெற்றவர்கள், ரங்கூனுக்குப் பெட்டியடிப் பையனாக (கடைநிலை உதவியாளாக) போய் அடுத்தாள் (மேலாளுக்கு அடுத்தவர்) வரைக்கும் உயர்ந்தவர்கள். 1942இல் ஜப்பான்காரன் வந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் வந்து சேர்ந்தார்கள். அதற்கு முன்னால் முதலாளிக்கு ஊருக்கு வந்த கணக்கு நகல்கள் சில, கறையான் தின்றது போக, இன்றும் பெட்டகத்தில் இருக்கின்றன. அன்றாடப் பதிவான குறிப்பு, ஆள்வாரியான பேரேடு, மொத்தக் கணக்கான ஐந்தொகை. குறிப்பில் எழுதியதை அழிக்கக் கூடாது என்பது அவர்கள் படித்த முதல் பாடம். 200 ரூபாய் பற்று என்பதற்குப் பதிலாக 250 என்று எழுதிவிட்டால், சுரண்டித் திருத்தமாட்டார்கள். மறுநாள் தேதியில் 50 ரூபாய்க்கு எதிர்ப்பதிவு போடுவார்கள். இருப்பு என்று தனியாக ஒன்றை யாரும் வைத்துக்கொண்டு அழித்து அழித்து எழுதவில்லை. பதிவுகள் இருக்கும், இருப்பு வேண்டும்போது கூட்டிக் கழித்து எடுப்பார்கள். எழுதி முடித்த பக்கம் இனி மாறாது என்பதால் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் அதைப் படிக்கலாம். ஜாவாவில் பல திரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்) ஒரே ஆப்ஜெக்டைத் தொடும்போது போடுகிற பூட்டுகளையும், அந்தப் பூட்டுகளால் வருகிற தலைவலியையும் அனுபவித்தவர்களுக்கு இந்தக் கடைசி வாக்கியத்தின் அருமை தெரியும்.

பையனிடம் அந்த நகல்களை எடுத்துக் காட்டினேன். பிறகு அவன் எழுதியது இப்படி. ஒவ்வொரு நடப்பும் ஒரு பதிவு: வரவு 500, செலவு 200, வரவு 150. அவற்றின் பட்டியல்தான் கணக்கு. இருப்பைக் கண்டுபிடிக்கும் ஃபங்ஷனுக்கு மூன்று கிளை. பட்டியல் காலியாக இருந்தால், இதுவரை சேர்ந்த தொகையே விடை. பட்டியலின் தலையில் இருப்பது வரவானால், தொகையோடு கூட்டி மீதிப் பட்டியலோடு தன்னையே மறுபடி கூப்பிடு. செலவானால் கழித்துக் கூப்பிடு. லூப் (திரும்பத் திரும்பச் சுற்றுவது) கிடையாது, இஃப் (நிபந்தனை) கிடையாது, எந்த எண்ணும் மாறவில்லை. மூன்று கிளை, நடுவில் இரண்டு அரைப்புள்ளி, முடிவில் ஒரு முற்றுப்புள்ளி. எழுதி முடித்துவிட்டு அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆடி கடைசியில் எவ்வளவு இருப்பு இருந்தது என்று தகப்பனார் கேட்டால் பழைய புரோகிராமால் சொல்ல முடியாது. அதற்கு இன்றைய எண் மட்டும்தான் தெரியும். இப்போது அந்தத் தேதி வரையுள்ள பதிவுகளை மட்டும் கொடுத்தால் அதே ஃபங்ஷன் விடை சொல்லும். இதை ஜாவாவில் செய்ய முடியாதா என்றால், முடியும். ஆனால் அந்த மொழியில் கை போகும் பாதை அதுவல்ல.

மறு வாரம் தகப்பனார் உடைசலைக் கணக்கில் சேர்க்கச் சொன்னார். வண்டியில் ஏற்றும்போது 12 கல் உடைந்தது. உடைசல் 12 என்று ஒரு பதிவைப் போட்டதும், பொருந்தும் கிளை இல்லை என்று புரோகிராம் நின்றது. நான்காவது கிளை எழுதினான், சரியாயிற்று. உடனே கேட்டான்: இருப்புக்கு ஒரு ஃபங்ஷன், மாத அறிக்கைக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று என்று இருந்தால் ஒவ்வொன்றிலும் போய் உடைசலுக்கு ஒரு கிளை எழுத வேண்டுமா? ஆமாம், எழுத வேண்டும். ஜாவாவில் உடைசல் என்று ஒரு புதிய கிளாஸ் எழுதினால் பழையதைத் தொட வேண்டாம். மாறாக, இருக்கிற பதிவுகள் மேல் புதிதாக ஒரு வேலை, ஜிஎஸ்டி கணக்கு என்று வைத்துக்கொள்வோம், வந்தால் எர்லாங்கில் ஒரு ஃபங்ஷன் கூடுதலாக எழுதினால் முடிந்தது. ஜாவாவில் ஒவ்வொரு கிளாஸாகத் திறந்து ஒரு மெத்தட் சேர்க்க வேண்டும். புதிய வகைகள் அடிக்கடி வருமா, புதிய வேலைகள் அடிக்கடி வருமா என்பதைப் பொறுத்து எந்த வழி நல்லது என்பது மாறும். கணினி மொழி ஆய்வாளர் பிலிப் வாட்லர் 1998இல் இதற்கு எக்ஸ்பிரஷன் பிராப்ளம் என்று பெயர் வைத்தார். ஜாவாவை மட்டும் தெரிந்துவைத்திருந்த காலத்தில் இப்படி ஒரு தேர்வு நம் முன் இருக்கிறது என்பதே என் கண்ணில் பட்டதில்லை. இரண்டு பக்கமும் நின்று எழுதிப் பார்த்தால்தான் அது தெரிகிறது. இரண்டாவது மொழி வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜாவாவில் வளர்ந்தவர்களுக்கு எரர் என்றால் பயம். எங்கள் குழுவிலும் ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் ட்ரை-கேட்ச் போட்டுப் பிழையைப் பிடித்து, லாக் என்ற பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல மேலே போகிற கோட் நிறைய வந்தது. எர்லாங்கில் விழுந்தால் விழட்டும் என்பது வழக்கம். ஒவ்வொரு வேலையும் தனித்தனிச் சின்ன ப்ராசஸ். ஒன்றின் நினைவகத்தை இன்னொன்று தொட முடியாது. பேச வேண்டுமானால் மெசேஜ்தான். மேலே சூப்பர்வைசர் என்று ஒரு ப்ராசஸ் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒன்று விழுந்தால் அதைச் சுத்தமான நிலையில் மறுபடி தொடங்கும். ஒரு ப்ராசஸ் சில கிலோபைட்டில் பிறக்கிறது. ஜாவாவின் சாதாரண திரெட் ஒன்றுக்கு 64 பிட் லினக்ஸில் ஸ்டாக் என்ற வேலை நினைவகத்துக்கு மட்டும் 1 மெகாபைட் ஒதுக்குவது வழக்கம். லட்சக்கணக்கில் ப்ராசஸ் வைத்துக்கொள்ளும் துணிச்சல் அங்கிருந்துதான் வருகிறது.

வேடிக்கை என்னவென்றால், ஸ்மால்டாக் மொழியைத் தந்த ஆலன் கே 1998இல் எழுதிய ஒரு மின்னஞ்சலில், ஆப்ஜெக்டை விட அவற்றுக்குள் போய்வரும் மெசேஜ்தான் பெரிய விஷயம், ஜனங்கள் சின்னதைப் பிடித்துக்கொண்டார்கள் என்று வருத்தப்பட்டிருக்கிறார். ஜோ ஆம்ஸ்ட்ராங்கும் ஒரு பேட்டியில், பார்க்கப்போனால் எர்லாங்தான் உண்மையான ஆப்ஜெக்ட் மொழியோ என்னவோ என்று பாதி விளையாட்டாகச் சொன்னார். ஆகவே ஜாவா படித்தது வீண் என்று யாரும் கவலைப்பட வேண்டாம். உள்ளே இருப்பதை வெளியே காட்டாமல் இருப்பது, நல்ல பெயர் வைப்பது, டெஸ்ட் எழுதுவது எல்லாம் கூடவே வருகிறது. விட்டுவிட வேண்டியது, ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றைப் பிறப்பிக்கும் இன்ஹெரிட்டன்ஸ் மேல் உள்ள மோகத்தைத்தான். 2009இல் வந்த கோ மொழியிலும் 2015இல் முதல் பதிப்பு கண்ட ரஸ்ட்டிலும் கிளாஸும் கிடையாது, ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்று பிறப்பதும் கிடையாது.

எர்லாங்கை நான் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. ஜாவாவில் டைப் (எண்ணா எழுத்தா என்ற மதிப்பின் வகை) தப்பினால், ஓடும் முன்பே சரிபார்க்கும் கம்பைலர் கையோடு பிடிக்கும். இங்கே பெரும்பாலும் ஓடவிட்ட பிறகுதான் தெரியும். அந்தப் பாதுகாப்பு இல்லாதது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான். பெரிய எண் கணக்குகளுக்கு இது ஏற்ற மொழியும் அல்ல. பிள்ளைகளுக்கு எர்லாங்தான் வேண்டும் என்பதில்லை. ஹாஸ்கெல், லிஸ்ப் வகையில் ஏதாவது ஒன்று, எதுவானாலும் சரி. பழைய பழக்கத்துக்கு எளிதில் இடம் கொடுக்காத மொழியாக இருக்க வேண்டும்.

இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இதைச் சொன்னபோது, "மேடம், கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வர்றவங்க ஜாவாதான் கேக்குறாங்க" என்று முடித்துவிட்டார்கள். சரி, ஜாவாவையே எடுத்துக்கொள்வோம். 2014இல் ஜாவா 8 வந்தபோது லாம்டா, அதாவது பெயரில்லாத ஃபங்ஷன், வந்தது. 2021இல் ஜாவா 16இல் ரெக்கார்ட் வந்தது. அதன் உள்ளே வைத்த மதிப்பை மாற்ற முடியாது. 2023இல் ஜாவா 21இல் ஸ்விட்சில் பேட்டர்ன் மேட்சிங்கும் (மதிப்பின் வடிவத்தைப் பார்த்துக் கிளை பிரிவது), லட்சக்கணக்கில் உண்டாக்கக்கூடிய லேசான விர்ச்சுவல் திரெட்களும் வந்துவிட்டன. பையன் மல்லுக்கட்டிய சமாசாரமெல்லாம் ஜாவாவின் வாசலுக்கே வந்து நிற்கிறது. இவற்றை எதற்குக் கொண்டுவந்தார்கள் என்று தெரியாமல் பாடத்திட்டத்தில் இன்னும் நாய் குரைத்துக்கொண்டிருக்கிறது.

வேலையில் இருந்துகொண்டே மாறுகிறவர்களுக்கு நான் பார்த்த அளவில் ஒன்று சொல்லலாம். புதிய மொழியில் புதிய புராஜெக்டைத் தொடங்காதீர்கள். ஏற்கெனவே எழுதி, மூலை முடுக்கெல்லாம் தெரிந்த ஒரு சின்னப் புரோகிராமை எடுத்து அதை எழுதுங்கள். அப்போது மல்லுக்கட்டு மொழியோடு மட்டும் இருக்கும். எழுதியதை அந்த மொழிக்காரர் ஒருவரிடம் கொடுத்து, எங்கே ஜாவா வாடை அடிக்கிறது என்று கேளுங்கள். அவர் சிரித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். எர்லாங்கோடு வரும் லிஸ்ட் மாட்யூலின் பெரும்பகுதி எர்லாங்கிலேயே எழுதியது. அதைத் திறந்து தினம் ஒரு ஃபங்ஷன் படித்தால் கை மெல்ல மெல்லத் திரும்பும். ஏஐயிடம் கேட்டால் நொடியில் எழுதித் தரும்தான். தந்தது நல்லதா என்று சொல்லும் கண் வேண்டாமா?

உங்கள் இணைப்பில் எந்த மொழிக்கு எவ்வளவு சம்பளம் என்ற பட்டியல் மாதம் தவறாமல் வருகிறது. அதில் பாதி இடத்தை எடுத்து, வாரம் ஒரு சின்னக் கணக்கைக் கொடுத்து, அதை ஜாவாவிலும் இயல்பு மாறுபட்ட வேறு ஒரு மொழியிலும் போட்டுக் காட்டினால் நம் பக்கத்துப் பிள்ளைகள் வெட்டி வைத்துக்கொள்ள உருப்படியாக ஒன்று கிடைக்கும். ஆரம்பத்துக்குச் சில கணக்குகளை நானே எழுதி அனுப்புகிறேன். சன்மானம் வேண்டாம். அச்சில் கமாவும் அரைப்புள்ளியும் முற்றுப்புள்ளியும் இடம் மாறாமல் வந்தால் போதும். ஒன்று மாறினாலும் புரோகிராம் ஓடாது, திட்டு எனக்குத்தான் வரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்